கொல்லிமலையில் வளர்ந்த கை டாக்டர்

பொங்கல் விடுமுறையில் நம் குடியிருப்பிலிருந்து கொல்லிமலைக்கு வேனில் வந்தவர்களுக்கு அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள் மறந்திருக்காது. நாற்பதாவது வளைவு வருவதற்குள் பாதி வேனுக்கு எலுமிச்சம்பழம் தேவைப்பட்டது. செம்மேட்டில் டீ குடித்தோம், வல்வில் ஓரி சிலை முன்னால் படம் எடுத்தோம், அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டோம், ஆகாய கங்கையில் நனைந்தோம், மிளகும் அன்னாசியும் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டோம். அந்த மலையில் ஒன்பது வயது வரை ஓடியாடி வளர்ந்த ஒரு பையன், பிற்பாடு உலகெங்கும் கை அறுவை சிகிச்சை படிப்பவர்களுக்குப் பாடமாக ஆனார். அந்தக் கதையை வேனிலேயே சொல்ல நினைத்தேன். வாந்தியும் அந்தாக்ஷரியும் விடவில்லை. ஆகவே இந்த இதழில்.

அவர் பெயர் டாக்டர் பால் பிராண்ட். இப்போது அவரைப் பற்றி எழுத இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு மாதம் முன்பு நம் கிளப் ஹவுஸில் ஒரு ஸ்டால் போட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? கால் மரத்துப்போனவர்களுக்கு நரம்பை உயிர்ப்பிக்கும் கரண்ட் மெஷின் என்று சொல்லி விற்றார்கள். நம் பிளாக்கிலேயே நான்கைந்து பேர் வாங்கிவிட்டீர்கள். நான் முப்பது வருடம் பிசியோதெரபி அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், லிஃப்ட்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறீர்கள்: நிஜமாகவே கரண்ட் வைத்தால் நரம்பு வளருமா? லிஃப்ட் ஏழாவது மாடி போவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. பிராண்டின் வாழ்க்கையோடு சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும்.

அவர் அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா ஈவ்லின். இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். 1913-ல் கல்யாணம் முடித்து இருவரும் கொல்லிமலை ஏறினார்கள். நாம் வளைந்து வளைந்து போன சாலையெல்லாம் அப்போது கிடையாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் டோலி. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டுக்காரர்கள் அங்கே தங்கவே தயங்கிய காலம். வாழவந்தியில் ஜெஸ்ஸியே மரவீடு கட்டினார். பள்ளிக்கூடம், தச்சு வேலை, விவசாயம், வைத்தியம் என்று மலையாளி மக்களிடையே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். மலையாளி என்றதும் கேரளாவை நினைக்காதீர்கள். இந்த மலையை ஆளும் பூர்வகுடிகளுக்கு அதுதான் பெயர்.

1914 ஜூலை 17-ல் பால் பிறந்தார். பிறகு தங்கை கோனி. பையன் பாதி நேரம் மரத்தின் மேல்தான். பலா மரத்தில் உட்கார்ந்தே பாடம் எழுத அம்மா அனுமதித்ததாகச் சொல்வார்கள். அப்பா கறையான் புற்றையும் பறவைக் கூட்டையும் காட்டிக் காட்டிப் பாடம் நடத்தினார். ஆனால் அப்பாவின் வைத்தியம் மட்டும் பையனுக்குப் பிடிக்கவில்லை. காலிலிருந்து நரம்புச் சிலந்திப் புழுவை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுப்பார் ஜெஸ்ஸி, சீழ் கொட்டும். அதைப் பார்த்த பையன், என்ன ஆனாலும் டாக்டர் ஆவதில்லை என்று முடிவு செய்துகொண்டான்.

ஒருநாள் மூன்று பேர் வீட்டை நோக்கி வந்தார்கள். கையிலும் காலிலும் விரல்கள் குறைந்து, புண்ணோடு. எதற்கும் அஞ்சாத அப்பா அன்று பிள்ளைகளை வீட்டுக்குள் போகச் சொன்னார். கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் கால்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். அம்மா ஒரு கூடையில் பழம் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு அந்தக் கூடையை எரித்துவிட்டு, அவர்கள் உட்கார்ந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தொழுநோய் என்ற சொல் அந்தப் பையன் மனத்தில் அப்படித்தான் ஏறியது. அப்பாவையே பயப்படுத்திய ஒன்று.

1923-ல் படிப்புக்காகப் பாலையும் கோனியையும் இங்கிலாந்துக்கு அழைத்துப்போய் விட்டார்கள். அப்பாவைப் பிறகு அவர் பார்க்கவேயில்லை. 1929 ஜூனில், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி அதே மலையில் இறந்தார். தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. கப்பல் தபால் மெதுவாக வரும் அல்லவா, அப்பா முன்னமே எழுதிப் போட்டிருந்த கடிதம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. பதினைந்து வயதுகூட நிரம்பாத பையன், இறந்துபோன அப்பா உயிரோடு எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படித்தான். இதற்கு மேல் இதில் நான் சேர்த்து எழுத எதுவும் இல்லை.

பள்ளி முடித்ததும் பிராண்ட் கட்டட வேலை கற்கப் போனார். தச்சு, கொத்து, கல் வேலை என்று சில வருடம். மலைக்குத் திரும்பி அப்பாவைப் போல வீடு கட்டித் தரலாம் என்பது எண்ணம். மிஷனரிகளுக்கான ஒரு வருட மருத்துவப் பயிற்சியின்போது, ரத்தம் இழந்து பிணம்போல் வெளுத்துக் கிடந்த ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ரத்தம் ஏற்ற ஏற்றக் கன்னத்தில் நிறம் வந்து, அவள் கண் திறந்து தண்ணீர் கேட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். சீழுக்குப் பயந்த பையன் அதோடு போய்விட்டான். 1937-ல் லண்டனில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே வலியைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த சர் தாமஸ் லூயிஸ் பாடம் நடத்தினார். போர்க்காலத்தில் லண்டனில் குண்டு விழுந்த இரவுகளில்தான் அவர் கை அறுவை சிகிச்சையில் பழகியது. உடன் படித்த மார்கரெட்டை 1943-ல் மணந்தார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். சின்ன வயதுத் தமிழ் நாக்கில் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் டாக்டர் ராபர்ட் காக்ரேன் என்ற தொழுநோய் நிபுணர், செங்கல்பட்டில் தாம் நடத்திய தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க அழைத்தார். அங்கே பிராண்ட் பார்த்ததெல்லாம் கைகள். விரல்கள் உள்நோக்கி மடங்கி, நகம்போல் வளைந்த கைகள். இவற்றை ஏன் எந்த எலும்பு டாக்டரும் கவனிக்கவில்லை என்று கேட்டார். அது சதை அழுகும் நோய், தொட்டுப் பயனில்லை என்பதுதான் அன்றைய எண்ணம். ஒரு இளைஞனிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். பலம் இருக்காது என்று நினைத்துத்தான் சொன்னார். அவன் அழுத்திய அழுத்தில் டாக்டருக்கு உயிர் போயிற்று. அவனுக்கோ, தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை.

அந்த ஒரு பிடியில் இரண்டு செய்திகள் இருந்தன. முதலாவது, அந்தக் கையில் நல்ல தசைகள் இன்னும் இருக்கின்றன. இரண்டாவது, உணர்ச்சி இல்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, உங்கள் வலது கையால் இடது முழங்கையின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். கதவு நிலையில் அந்த இடம் இடித்தால் சுண்டு விரல் வரை ஷாக் அடிக்கும். அங்கே ஓடுவது அல்னார் நரம்பு. மூளையும் தண்டுவடமும் தவிர்த்து, உடம்பெங்கும் பிரிந்து போகும் இப்படிப்பட்ட நரம்புகளைப் புற நரம்புகள் என்கிறோம். நம் கட்டடத்தின் மெயின் போர்டிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் ஒயர் போல. ஒரே உறைக்குள் தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் இழையும் உண்டு, தோலிலிருந்து சூடு, குளிர், வலி என்று செய்தி கொண்டுவரும் இழையும் உண்டு.

செங்கல்பட்டில் இறந்த ஒரு நோயாளியின் உடலில் நரம்புகளை முழு நீளத்துக்கும் பிரித்துப் பார்த்தார் பிராண்ட். எல்லா இடத்திலும் கெட்டிருக்கவில்லை. முழங்கைக்குப் பக்கம், மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று, நரம்பு தோலுக்கு அருகே வரும் சில இடங்களில் மட்டும் வீங்கித் தடித்திருந்தது. அந்த நோயின் கிருமி உடம்பின் குளிர்ந்த பகுதிகளில்தான் செழிக்கும். தோலுக்குப் பக்கத்தில் ஓடும் நரம்பு குளிர்ச்சியாக இருக்கும். வீங்கிய இடத்துக்கு மேலேயே கிளை பிரிந்துபோன தசைகள் நன்றாக இருந்தன. கீழே பிரிந்தவை செயலிழந்திருந்தன. முன்கைத் தசைகள் பல நல்ல நிலையில் இருந்ததற்குக் காரணம் அதுதான். நூற்றுக்கணக்கான நோயாளிகளின் கையை இறகாலும் ஊசியாலும் தொட்டுத் தொட்டுச் சோதித்தபோதும் இதே வரைபடம் கிடைத்தது.

செத்த நரம்பை அவரால் உயிர்ப்பிக்க முடியவில்லை. அதனால் தச்சன் மூளை வேலை செய்தது. நல்ல தசை ஒன்றின் தசைநாணை எடுத்து, வேறு வழியாகத் திருப்பி, விரல்களில் கொண்டுபோய்த் தைத்தார். மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்த தசை இனி விரலை நிமிர்த்தும். தசைநாணை மாற்றிப் பொருத்தும் முறை அதற்கு முன்பே மேல்நாட்டில் இருந்தது. தொழுநோய்க் கைக்கு அதை ஒரு முறையாக வகுத்துச் செய்து காட்டியவர் இவர். 1948-லிருந்து வேலூரில் இந்த அறுவை நடந்தது.

கதையின் முக்கியமான பாதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தையல் பிரித்தவுடன் கை வேலை செய்துவிடாது. மணிக்கட்டைத் தூக்கு என்று மூளை சொன்னால் விரல் நகர்கிறது, மூளை குழம்பிப்போகும். வாரக்கணக்கில் பழக்க வேண்டும். இங்கேதான் என் தொழில் வருகிறது. இப்படி இடம் மாறிய தசை எது என்று நோயாளிக்குக் காட்ட, அதன் மேல் மெல்லிய கரண்ட் வைத்துச் சுருங்கச் செய்வோம். விரல் தானாக அசைவதைக் கண்ணால் பார்த்ததும், ஓ, இதுவா என்று மூளைக்குப் பிடிபடும். நரம்பு உயிரோடு இருக்கிறதா என்பதையும் கரண்ட் சொல்லிவிடும். மிகச் சிறிய துடிப்பாகக் கரண்ட் விட்டால் நரம்பு இருந்தால்தான் தசை துள்ளும். நரம்பு செத்திருந்தால் நீண்ட துடிப்பு வேண்டும். தசையும் பாம்பு நெளிவதுபோல் மெதுவாகச் சுருங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தச் சோதனையை ஒரு நாளில் பத்துப் பேருக்குச் செய்திருக்கிறேன்.

கை நிமிர்ந்தது. கதை முடிந்தது என்று பிராண்டும் நினைத்தார். ஆனால் ஊருக்குத் திரும்பியவர்கள் வாடிய முகத்தோடு மறுபடி வந்தார்கள். ஒருவர் சொன்னது அவரைக் குத்தியது: இந்தக் கை பிச்சைக்கு ஆகாது, வளைந்த கைக்குத்தான் காசு விழும். நிமிர்ந்த கைக்கு வேலையும் யாரும் தருவதில்லை, வாடகைக்கு வீடும் தருவதில்லை. அப்போதுதான் 1951-ல் கல்லூரி வளாகத்திலேயே மண் குடிசைகள் போட்டு நவஜீவ நிலையம் தொடங்கினார். மரப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். உளி பிடிப்பதையும் இழைப்புளி தள்ளுவதையும் அறுவை சிகிச்சை நிபுணரே நேரில் காட்டினார். லண்டனில் கட்டட வேலையில் வீணாய்ப் போன வருடங்கள் என்று உறவினர்கள் யாராவது அங்கலாய்த்திருந்தால், அவர்களுக்கு இங்கே பதில் கிடைத்திருக்கும்.

நிலையத்தில் புதுப் புதிர் ஒன்று. விரல்கள் தொடர்ந்து குறைந்துகொண்டிருந்தன. நோய்தான் தின்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேட ஆரம்பித்தார், போலீஸ்காரர் மாதிரி. துருப்பிடித்த பூட்டைத் தன்னால் திறக்க முடியாமல் நின்றபோது, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தால் எலும்பு தெரியக் கிழிந்திருக்கிறது; அவனுக்குத் தெரியவே இல்லை. தணலில் விழுந்த கிழங்கை ஒரு முதியவர் வெறும் கையால் சாவகாசமாக எடுத்துக் கொடுத்தார். இரவில் தூங்கும்போது ஒருவருடைய விரல் காணாமல் போனது. கண்காணித்ததில், எலி. கடிக்கிறது என்று தெரிந்தால்தானே கையை இழுப்பார்கள். அன்று முதல் இரவில் பூனை வளர்க்க ஏற்பாடாயிற்று. சதை தானாக அழுகவில்லை. வலி என்ற காவலாளி வேலைக்கு வராததால், தினமும் நடக்கும் சின்னக் காயங்கள் கவனிக்கப்படாமல் பெருகி, விரலைக் கொண்டுபோயின. நம் கேட்டில் செக்யூரிட்டி ஒரு மாதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிராண்டுக்கே ஒரு இரவு அந்தப் பயம் வந்தது. இங்கிலாந்து போயிருந்தபோது, நீண்ட ரயில் பயணம் முடிந்து அறையில் காலுறையைக் கழற்றுகிறார். குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. இத்தனை வருடம் நோயாளிகளோடு இருந்ததன் விலை என்று முடிவு செய்துகொண்டார். மனைவியையும் பிள்ளைகளையும் தொடாமல் வாழ வேண்டுமா என்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் அதே இடத்தில் மறுபடி குத்தினார். வலியில் கத்திவிட்டார். ரயிலில் அசையாமல் உட்கார்ந்ததில் நரம்பு அழுந்தியிருந்தது, அவ்வளவுதான். அழுத்தம் போனதும் திரும்பி வந்துவிட்டது. வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன மனிதர்களில் இவரும் ஒருவர்.

1955-ல் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. அதன் பின்னணியிலும் அவர் உழைப்பு உண்டு. உணர்ச்சியற்ற காலுக்கு மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு, புண் ஆறும் வரை காலை முழுக்க அணைத்துப் போடும் மாவுக்கட்டு இரண்டும் அங்கே பக்குவப்பட்டன. கண் சிமிட்டும் நரம்பும் இந்த நோயில் கெடும் என்பதால் மார்கரெட் கண் மருத்துவத்தில் இறங்கினார். அவருக்குத் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். பிராண்டுக்கு 1960-ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

1966-ல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே நடந்ததைத்தான் ஸ்டாலில் மெஷின் வாங்கியவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

வலி இல்லாததுதான் கோளாறு என்றால் செயற்கையாக வலியைச் செய்துவிடலாமே என்று யோசித்தார். பொறியாளர்களோடு சேர்ந்து, அழுத்தத்தை அளக்கும் சின்னச் சின்னக் கருவிகளைக் கையுறையிலும் காலுறையிலும் பதித்தார். ஆபத்தான அளவு அழுத்தினால் காதில் ஒலி கேட்கும். நோயாளிகள் கேட்டார்கள், கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். விளக்கு எரிய வைத்தார். அதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. கடைசியில் உணர்ச்சி மிச்சமிருந்த அக்குளில் மின்சார ஷாக் கொடுக்க ஏற்பாடு செய்தார். இப்போது வலித்தது. என்ன நடந்தது தெரியுமா? முரட்டு வேலை ஏதாவது செய்ய வேண்டி வந்தால், நோயாளிகள் முதலில் ஸ்விட்சை அணைத்துவிட்டு வேலையைச் செய்தார்கள். முடித்ததும் மறுபடி போட்டுக்கொண்டார்கள். நம் உடம்பில் வலிக்கு ஸ்விட்ச் ஏன் நம் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கப்படவில்லை என்பது அவருக்கு அன்று விளங்கியது. பல வருட உழைப்பு, பெரும் பணம், திட்டத்தைக் கைவிட்டார். தோற்ற கதையையும் ஒளிக்காமல் எழுதினார் என்பதால்தான் அவர் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

கார்விலில் அவர் இன்னொன்றையும் கண்டார். சர்க்கரை நோயாளிகளின் காலும் தொழுநோயாளிகளின் காலும் ஒரே மாதிரி கெடுகின்றன. இரண்டிலும் நரம்பு மரத்துப்போகிறது. ஒரே இடத்தில் அழுத்தம் விழ விழப் புண்ணாகிறது. புண் வருமுன் அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகிறது என்பதை வெப்பப்படக் கருவியால் காட்டினார். வேலூரில் பக்குவப்பட்ட செருப்பும் மாவுக்கட்டும் இப்படித்தான் சர்க்கரை நோய்க் கால்களுக்கு வந்து சேர்ந்தன. இரவில் உங்கள் பாதத்தைக் கையால் தடவிப் பாருங்கள் என்று டாக்டர்கள் சொல்வது இந்த வழியில் வந்ததுதான்.

இப்போது லிஃப்ட் கேள்விக்கு வருகிறேன். கரண்ட் வைத்தால் நரம்பு வளருமா?

வெட்டுப்பட்ட புற நரம்பு வளரும், கரண்ட் இல்லாமலே. வேகம் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். முழங்கையில் வெட்டுப்பட்டால் விரல் நுனிக்கு 40 சென்டிமீட்டர். ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் காத்திருக்கும் தசை சூம்பிவிடும். ஒன்றரை வருடம் போல் ஆனால் நரம்பு வந்து சேர்ந்தாலும் பெரிய பலன் இல்லை. ஆகவே எல்லாமே நேரப் போட்டி. 2000-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் டெஸ்ஸா கார்டன் குழுவினர் எலிகளின் வெட்டிய நரம்பைத் தைத்தவுடன், விநாடிக்கு 20 துடிப்பு என்ற கணக்கில் ஒரு மணி நேரம் மின்தூண்டல் கொடுத்தார்கள். எட்டுப் பத்து வாரத்தில் தையலைத் தாண்டிச் சேர வேண்டிய இழைகள் மூன்றே வாரத்தில் சேர்ந்தன. இழை ஓடும் வேகம் கூடவில்லை. தையல் இடத்தில் தயங்கித் தயங்கிப் புறப்படுபவை சட்டென்று ஒன்றாகப் புறப்பட்டன. பிறகு மணிக்கட்டில் அழுந்திய நரம்பை அறுவையால் விடுவித்த மனிதர்களிடமும் செய்து பார்த்து, பலன் இருப்பதாக 2010-ல் வெளியிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. அது அறுவை முடிந்த கையோடு, நரம்பின் பக்கத்திலேயே வைத்துக் கொடுத்த கரண்ட். ஒரே ஒரு மணி நேரம். பாதத்தை மேடை மேல் வைத்து தினமும் அரை மணி சொடுக்கும் மெஷின் வேறு. சர்க்கரையால் கெட்ட நரம்பு வெட்டுப்பட்ட நரம்பு அல்ல. சர்க்கரை கட்டுக்குள் வராத வரை கெட்டுக்கொண்டே இருக்கும். டென்ஸ் வகை மெஷின்கள் சிலருக்கு எரிச்சலையும் வலியையும் கொஞ்சம் தணிக்கும், அது உண்மை. நரம்பை முளைக்க வைக்கும் என்பது விற்பனைப் பேச்சு. நரம்பிழந்த தசையைக் கரண்ட் வைத்துச் சூம்பாமல் காப்பாற்ற முடியுமா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. பிசியோதெரபி அறையில் கரண்ட் வைக்குமுன் பஞ்சாலும் ஊசியாலும் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்போம். மரத்துப்போன தோலில் கரண்ட் அதிகமானால் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அதாவது, அந்த மெஷினை உணர்ச்சி உள்ள காலில்தான் பயமில்லாமல் வைக்கலாம். உணர்ச்சி இல்லாதவர்களுக்கோ விற்கிறார்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த மெஷின் பக்கமே போகாதீர்கள். வாங்கியவர்கள் வருத்தப்பட வேண்டாம். என் வீட்டுக்கு எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். காலையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

தொழுநோய் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று அதற்குக் கூட்டு மருந்து இலவசம். ஆரம்பத்தில் வந்தால் ஒரு விரலும் போகாது. உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் உங்கள் வீட்டிலோ, நம் குடியிருப்பில் வேலை செய்பவர்களிடமோ கண்டால், ஒதுங்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

பிராண்ட் 1986-ல் கார்வில் பணியிலிருந்து ஓய்வு பெற்று சியாட்டிலில் குடியேறினார். 2003 ஜூலை 8-ல், கீழே விழுந்து தலையில் பட்ட அடியைத் தொடர்ந்து காலமானார். 89 வயதாக இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அவர் அம்மா ஈவ்லின் கதை இதைவிட நீளம். வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்தபோது, எழுபதை நெருங்கும் வயதில் தனியாக மறுபடி கொல்லிமலை ஏறினார். பிறகு பக்கத்து மலைத்தொடர்களுக்கும் குதிரை மேல் போனார். மகன் வேலூரிலிருந்து எவ்வளவு சொல்லியும் இறங்கி வரவில்லை. 1974-ல் 95 வயதில் இறந்தார். வாழவந்தியில் ஜெஸ்ஸியின் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

அடுத்த முறை மலைக்குப் போகும்போது வேனை வாழவந்தி வழியாக விடச் சொல்லிக் கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுவோம், நண்பகலில் கல் தரை சுடும், உங்களுக்குத் தெரியாது. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள். ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஏறி வந்ததும் ஷூவைக் கழற்றி, பக்கத்தில் இருப்பவரிடம் பாதத்தின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு டப்பா அளவு கண்ணாடி ஒன்று என் பையில் இருக்கும், கேட்டால் தருவேன்.